நாலு பாட்டைக் கேட்டு எழுதிய விமர்சனம்

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிற உங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எனக்கு அந்த வசதி இல்லை. ஞாயிறு மலரில் கால் பக்கம் ஒதுக்குவார்கள், அதை வார்த்தைகளால்தான் நிரப்ப வேண்டும். வார்த்தை என்றால் மாட்டிக்கொள்வோம். இரண்டரை நட்சத்திரத்தை யாரும் கத்தரித்து வைத்துக்கொண்டு பிறகு வந்து முகத்துக்கு நேரே நீட்ட மாட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் நிருபராக இருபத்தேழு வருஷம் இருந்தேன். கரும்பு விலை, சாலை விபத்து, கோயில் திருவிழா, அரசு அலுவலகம் எல்லாமே நான்தான். அதற்கு நடுவே, பாட்டுப் பைத்தியம் என்ற ஒரே தகுதியில், இசை விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்தேன். விமர்சனம் எழுத வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நான் சரியாகக் கணித்த பாடகர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதையெல்லாம் வேறு யாராவது சொன்னால்தான் நன்றாக இருக்கும். நான் சறுக்கி விழுந்ததை நான்தான் சொல்லியாக வேண்டும்.

அஞ்சலை வடக்கனந்தல் பக்கத்துப் பெண். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் அக்கா குப்புவும் நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று கிடைத்த கூலிக்குப் போய் இவளைப் படிக்க வைத்தார்கள். ஒரு நாள் கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பும்போது டிராக்டர் டிப்பர் கவிழ்ந்து குப்பு இறந்துபோனாள். அப்போது அஞ்சலை கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவன் பாஸ்கர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன். கிடார் வாசிப்பான், பாட்டு எழுதுவான். அவனைப் போலவே நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு 'கரும்புச்சாலை' என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தான். அஞ்சலை தன் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்ததைக் கேட்டவன், இரண்டு மாதம் கழித்து வந்து அதை மேடையில் பாடக் கூப்பிட்டான். அவளும் போனாள். அழுதால் பாரம் இறங்குகிறது என்று அப்போது அவளுக்கே தோன்றியிருக்கிறது. 'எழுந்திரு குப்பு' என்ற அந்தப் பாட்டுதான் கரும்புச்சாலையைச் சென்னை வரைக்கும் கொண்டுபோனது.

அதைப் பற்றி முதலில் எழுதியவன் நான்தான். பாஸ்கர் கிடாரை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க, அவள் தனியே ஒப்பாரி வைத்தபோது கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் மூக்கைச் சிந்தினார்கள். நானும் சிந்தினேன். வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் எழுதினேன். 'இந்தப் பெண் பாடவில்லை, நமக்காக அழுகிறாள். இந்தக் கண்ணீர் என்றைக்கும் வற்றாதிருக்கட்டும்' என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியைக் குழு தன் போஸ்டரிலேயே போட்டுக்கொண்டது. நான் அந்தப் போஸ்டர் ஒன்றை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷம் அவள் அந்தப் பாட்டைப் பாடினாள். எத்தனை மேடை என்று அவளுக்கே கணக்கில்லை. பிறகு ஒரு நாள், குழுவை விட்டு விலகித் தனியாக ஓர் ஆல்பம் செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். 'பொழுது நல்லாருக்கு' என்று பெயர். எட்டுப் பாட்டு. ஒரு புதன்கிழமை மத்தியானம் அதன் இணைப்பை எனக்கு அனுப்பி, 'சார், கேட்டுட்டு எழுதுங்க' என்று ஒரு வரியும் போட்டிருந்தாள்.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஞாயிறு மலருக்கு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பக்கம் முடித்துவிடுவார்கள். அந்தப் புதன்கிழமை எனக்குச் சங்கராபுரத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். போகும்போது பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டு கேட்டேன். அந்த பஸ்ஸில் டிரைவர் தன் பங்குக்கு வேறு பாட்டுப் போட்டிருந்தார், அது வேறு. திரும்பும்போது இரண்டு. நாலு பாட்டும் துள்ளல். கைதட்டல், குலவை, கிண்டல், மழையில் நனைகிற பெண்கள், சந்தையில் வளையல். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஐந்தாவது பாட்டிலாவது அழுவாள் என்று காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. ஆனால் ஐந்தாவதைக் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

வியாழன் காலையில் எழுத உட்கார்ந்தேன். மீதி நாலும் இதே மாதிரிதான் இருக்கும், இவ்வளவு வருஷம் கேட்ட காதுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒரு திமிர். 'கண்ணீர் வற்றிய குரல்' என்று தலைப்பு வைத்தேன். முதல் கட்டுரையின் கடைசி வரியையே திருப்பிப் போட்டதில் ஒரு சொந்தப் பெருமை வேறு. நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: 'அக்காவின் மரணத்தைப் பாடி நம்மை உருகவைத்த தங்கை, இந்த எட்டுப் பாட்டுகளில் அக்காவை அடியோடு மறந்துவிட்டார்.'

எட்டுப் பாட்டுகளில் என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். கை கொஞ்சம்கூடக் கூசவில்லை.

மலர் பொறுப்பாசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதிகம் பேசாத பெண்மணி. அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு போன் செய்து, "நல்லா சூடா இருக்கு சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. என் தலைப்பை எடுத்துக்கொண்டு யூடியூபில் இரண்டு பேர் அதையே பேசினார்கள். அவர்கள் எத்தனை பாட்டு கேட்டார்களோ, அது அவர்கள் கணக்கு. அவள் பாடுவதாக இருந்த ஒரு கல்லூரி விழாவிலிருந்து 'இந்த வாட்டி வேணாம்' என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு வந்ததெல்லாம் பாராட்டுதான்.

திங்கட்கிழமை காலை பாஸ்கர் போன் செய்தான்.

"சார், ரொம்ப நன்றிங்க சார். நாங்க சொல்லிக்கினே இருந்தோம், அவ கேக்கல. நீங்க எழுதினப்புறம் தான் ஆடிப் போயிருக்கிறா."

"என்ன சொல்றே பாஸ்கர்?"

"பெரிய டூர் ஒண்ணு வந்திருக்குது சார், வெளிநாடு. அந்த ஒப்பாரி இல்லாம அவங்க நம்மள கூப்பிட மாட்டாங்க. வர்றியா இல்லியா, ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுன்னு கேட்டிருக்கேன். புதன்கெழமை வெள்ளிமலை திருவிழாவுல அவளுக்கு ஒரு புரோகிராம் இருக்குதாம். அத முடிச்சிட்டு சொல்றேன்னா. வந்துடுவா சார். ஊர்ல தலகாட்ட முடியல அவளுக்கு. அக்காவ மறந்தவன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்களேன்னு தெருவுல கேக்கிறாங்களாம்."

பாஸ்கர் கெட்டவன் இல்லை. அவனுக்கு அவன் குழு, அதில் நாலு குடும்பம். ஆனால் அவன் சொன்ன நன்றி எனக்கு உறுத்தியது. ஒரு விமர்சனத்துக்குத் திட்டு வந்தால் நான் கவலைப்பட்டதே கிடையாது. நன்றி வந்தால், அது யாரிடமிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. இதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை, அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மத்தியானம் வீட்டில், காதில் மாட்டாமல், போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து முதல் பாட்டிலிருந்து போட்டேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆறாவது பாட்டு வந்தது.

இரண்டு பெண்கள், ஒரு சைக்கிள். சின்னவள் முன்கம்பியில் உட்கார்ந்திருக்கிறாள், பெரியவள் மிதிக்கிறாள். வாய்க்கால் கரையில் போகிறார்கள். பள்ளம் வந்தால் பெரியவள் கத்துகிறாள், மேடு வந்தால் 'எறங்கித் தள்ளுடி குண்டு' என்று சின்னவளை வைகிறாள். கடைசியில் இரண்டு பேரும் சைக்கிளோடு வாய்க்காலில் விழுகிறார்கள். பெரியவளால் எழுந்திருக்க முடியவில்லை, சிரிப்பு. சின்னவள் கையைப் பிடித்து இழுக்க இழுக்க அவள் மறுபடி மறுபடி தண்ணீரிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். 'குப்பு, எழுந்திரு குப்பு, பொஸ்தகம் நனையுது குப்பு' என்று பாட்டு முடிகிறது. அதே இரண்டு வார்த்தைதான். ஆனால் இங்கே அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்.

என் மனைவி கீரையைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னாங்க இது, இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். போட்டேன். இரண்டாவது முறையும் அதே இடத்தில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இந்தப் பொண்ணத்தான் அக்காவ மறந்துட்டான்னு எழுதினீங்களா?" என்று கேட்டாள்.

நான் ஏழாவது, எட்டாவது பாட்டுகளையும் போட்டேன். அவள் கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "நல்ல காது உங்க காது" என்று அங்கிருந்து சொன்னது கேட்டது.

செவ்வாய்க்கிழமை மேடத்துக்குப் போன் செய்தேன். மறுபடி எழுத வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். தப்பாகக் கணித்துவிட்டேன் என்றேன்.

"கருத்து மாறினதுக்கெல்லாம் நாம திருத்தம் போடறது இல்லையே சார். பேர் தப்பு, தேதி தப்பு, போட்டோ மாறிப் போச்சு, அதுக்குத்தான் அந்தத் திருத்தப் பொட்டி. அடுத்த ஆல்பம் வரும்போது நல்லா எழுதுங்க."

அடுத்த ஆல்பம் வராது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் திரும்பிப் போய்விடுவாள். போனால், வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகத் தன் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டிருக்க வேண்டியதுதான். என் நாலு பாட்டு வேலை அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே உட்கார்ந்து ஒரு பெரிய கட்டுரை எழுதினேன். யாரும் போடமாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதினேன். நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன். 'இந்தச் சிரிப்புக்கு அடியில் ஓடுவது கண்ணீர். ஒவ்வொரு துள்ளலிலும் ஒரு துக்கம் மறைந்திருக்கிறது. குப்புவின் மரணத்தை அஞ்சலை இன்னும் ஆழமாகப் பாடியிருக்கிறார்' என்று போயிற்று அது. புதன்கிழமை அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. ஆடி மாதத் திருவிழா. பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. மூன்று மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேகம் இறங்கி, எதிரே இருந்த மலை பாதிதான் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். கூட அவள் அம்மா. கீபோர்டும் டோலக்கும் வாசிக்க இரண்டே பேர்.

என்னைப் பார்த்ததும் அஞ்சலை எழுந்து நின்றாள். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் தள்ளினாள். அவள் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் பூவைக் கட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "நான் நாலு பாட்டுதான் கேட்டேன், அஞ்சலை. மீதியைக் கேக்காமலே எழுதிட்டேன். நேத்து முந்தா நாள்தான் ஆறாவதக் கேட்டேன்."

"நாலுதானா" என்றாள் அவள். "நான் இன்னாவோ, எட்டும் கேட்டுட்டு தான் புடிக்காம எழுதிட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நம்ம பாட்டுல தான் ஏதோ கம்மின்னு."

பையிலிருந்த கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். படித்து முடித்து, இரண்டாக மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இத போடாதீங்க சார்."

"ஏம்மா?"

"அதுல அடியில ஒண்ணும் இல்ல சார். துக்கமெல்லாம் ஒண்ணும் ஒளிச்சி வைக்கல. எங்கக்கா நல்லா சிரிப்பா. வாய்க்கால்ல வுழுந்தோம், சிரிச்சா, அத பாடியிருக்கேன். அவ்ளோதான். இதுலயும் அழுவுறேன்னு எழுதிட்டீங்கன்னா, அப்புறம் இந்தப் பாட்டுக்கும் ஜனங்க அழ ஆரம்பிச்சிடுவாங்க."

முதல் தப்பு அவசரத்தில் செய்தது. இந்த இரண்டாவது தப்பை நிதானமாக, நல்லெண்ணத்தோடு, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுச் செய்திருந்தேன். ஒரு கூலிக்காரப் பெண்ணின் மகள் சிரித்தால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சோகம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை என்று என் தலைக்குள் எவனோ எழுதிவைத்திருந்தான். பணக்கார வீட்டுப் பையன் காதல் பாட்டுப் பாடினால் அதற்கு அடியில் நான் எதையும் தேடியதில்லை.

அப்போதுதான் அவள் அம்மா வாயைத் திறந்தாள். பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கருமாதி முடிஞ்சா எங்க வூட்ல அழுவ மாட்டோம் சார். பதினாறாம் நாளோட நிறுத்திடணும். அதுக்கப்பறமும் ஒப்பாரி வெச்சா வூட்டுக்கு ஆவாது, செத்தவளுக்கும் நிம்மதி இல்ல. இவ மூணு வருசம் வெச்சா. ஒவ்வொரு வாட்டியும் என் பொண்ண தூக்கிப் போட்டாப்பல இருக்கும் எனக்கு. சொன்னா, அம்மா, பேப்பர்காரரே வத்தக் கூடாதுன்னு எழுதிட்டாரு, எப்படி நிறுத்தறதுன்னுவா."

"திட்டி எழுதினீங்களே, அதுகூட ஒரு வாரந்தான் சார்" என்றாள் அஞ்சலை, அம்மாவைத் தடுக்கிற மாதிரி. "மொத மொத பாராட்டி எழுதினீங்க பாருங்க. அத தான் தூக்கிக்கினு திரிய முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். இத்தனை வருஷ வேலையில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியிருக்கிறார்கள், வக்கீல் நோட்டீஸ்கூட வந்திருக்கிறது. எதற்கும் கண் கலங்கியதில்லை. அன்று அந்த வகுப்பறையில் கலங்கினேன். பதினாறாம் நாள் வழக்கம் எனக்குத் தெரியாததா? என் அப்பா இறந்தபோது என் வீட்டிலும் அப்படித்தான் நிறுத்தினோம். தெரிந்திருந்தும், மேடை என்று வந்தவுடன் அது ஒரு சாவு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நாலு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. நூறு பேர் இருந்தால் அதிகம். பலாப்பழம் விற்க வந்த பெண்கள் கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பாட்டு முடிந்ததும் பின்னால் இருந்து ஒருவர் எழுந்து, "அந்த ஒப்பாரிய பாடும்மா, அதுக்குத் தான் வந்தோம்" என்று குரல் கொடுத்தார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அஞ்சலை மைக்கைக் கீழே இறக்கினாள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற அவள் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். இப்போது பாடிவிட்டாளானால் ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரிடம் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

"எங்கக்காவுக்குக் கருமாதி முடிச்சிட்டோம்ங்க" என்றாள் மைக்கில்.

விளக்கம் யாரும் கேட்கவில்லை. ஒப்பாரியைக் கேட்டவரே, "அப்ப வாணாம்மா, வேற பாடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக நானும் பாஸ்கரும் சென்னைக்காரர்களும் புரிந்துகொள்ளாததை அந்த மனிதர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

பிறகு சைக்கிள் பாட்டைப் பாடினாள். பெரிய கைதட்டல் என்றெல்லாம் கதை அளக்க மாட்டேன். முன்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் தள்ளிவிட்டு, "உன்ன மாதிரியே கீதுடி" என்றாள். பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் கேட்டார்கள், இன்னொரு தரம் பாடினாள். நான் சொல்லிக்கொள்ளாமல் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். என்ன முடிவு எடுத்தாள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடியும் மேடத்தைக் கூப்பிட்டேன். இந்த முறை கருத்து மாறிவிட்டது என்று சொல்லவில்லை.

"மேடம், தகவல் பிழை. எட்டுப் பாட்டுன்னு எழுதியிருக்கேன். நான் கேட்டது நாலு. அக்காவை மறந்துட்டார்னு எழுதியிருக்கேன். ஒரு பாட்டு முழுக்க அக்காவப் பத்தியது. பேர் தப்பு, தேதி தப்பு மாதிரிதான் இதுவும். பொட்டியில போடுங்க."

போனில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இத நீங்களே ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் எழுதின எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க சார்."

"படட்டும் மேடம்."

"எங்களுக்கும் சேர்த்துத்தான் அடி."

"தெரியும்."

"போடறேன்" என்றார். "ஆனா ஆறு மாசத்துக்கு உங்க பேர்ல விமர்சனம் வராது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

சரி என்றேன். அது ஆறு மாதத்தோடு நிற்கவில்லை, ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் என் இடத்தில் எழுதிய பையன் நன்றாகவே எழுதினான், அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். மேடத்தின்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. பக்கம் முடிக்க மூன்று மணி நேரம் இருக்கும்போது அப்படி ஒரு முடிவை எடுத்து, அதற்கான விலையையும் அதே போன் பேச்சில் சொல்லிவிட ஒரு தெம்பு வேண்டும்.

திருத்தத்தில் என்ன எழுதுவது என்பதில் அடுத்த இரண்டரை மணி நேரம் போயிற்று. என்னால் சும்மா இருக்க முடியாது, கை பரபரக்கும். 'நெகிழ்ச்சியான' என்று ஒரு வார்த்தை போட்டேன், அடித்தேன். 'உள்ளத்தைத் தொடும்' என்று போட்டேன், அதையும் அடித்தேன். பதினொன்றே முக்காலுக்கு இதை அனுப்பினேன்:

'சென்ற வாரம் வெளியான "பொழுது நல்லாருக்கு" விமர்சனம், எட்டுப் பாட்டுகளில் நாலை மட்டும் கேட்டு எழுதப்பட்டது. பாடகி தன் அக்காவை மறந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது தவறு. ஆறாவது பாட்டு முழுவதும் அவருடைய அக்கா குப்புவைப் பற்றியது. அதில் குப்பு சிரிக்கிறார். எட்டுமே சந்தோஷமான பாட்டுகள். நன்றாக இருக்கின்றன.'

கீழே என் பெயர். நான் எழுதியதிலேயே சின்னது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும், அஞ்சலை கூப்பிட்டாள். பின்னால் கோழி கத்துகிற சத்தம்.

"படிச்சேன் சார். பாஸ்கர் அண்ணங்கிட்ட இப்பதான் பேசினேன். வரலன்னு சொல்லிட்டேன். வேற பொண்ணு பாத்துக்கங்கன்னேன். அந்தப் பாட்ட மட்டும் யாருக்கும் குடுக்காதீங்கன்னும் சொல்லிட்டேன். ஒத்துக்கினாரு, பாவம்."

"இனி என்ன பண்ணுவே?"

"பாடுவேன் சார். கூப்பிடுற எடத்துல. கம்மியா தான் கூப்பிடுவாங்க." பிறகு, "அம்மா பேசணும்னு நிக்கிது. இருங்க" என்றாள்.

அன்றைக்கு வகுப்பறையில் பேசும்போதுகூட என்னை நிமிர்ந்து பார்க்காத அந்த அம்மா போனை வாங்கினாள். படிக்கத் தெரியாதவள். மகளை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"சார், எங்க குப்பு பேரு உங்க பேப்பர்ல மூணு வாட்டி வந்திருக்குது. டிராக்டர் கவுந்தப்ப ஒரு வாட்டி. சின்னவ ஒப்பாரி வெச்சத எழுதினீங்களே, அப்ப ஒரு வாட்டி. ரெண்டு வாட்டியும் பொணமா தான் வந்தா." போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இந்த வாட்டி தான் சார் சிரிச்சிக்கினு வந்திருக்கிறா."

ஆமாம்மா என்றேன்.